கொட்டிற் குறும்புகள்

ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தருக என்று பதிப்பாசிரியர் பணித்தபோது எம் நினைவில் வந்தது ஒரு மாட்டுக்கொட்டில். இஃது ஒரு பொருளா என்று அன்பர்கள் நகைத்தல் கூடும். சிங்கத்தைப் பற்றியும் யானையைப் பற்றியும் எழுதுவார் பலர். முளையிற் கட்டுண்டு அசைபோடும் மாட்டையும், வேலியைக் கடித்து வசைபெறும் ஆட்டையும், வாயிற்படியில் உறங்கும் நாயையும் ஏறிட்டுப் பார்ப்பார் சிலரே. அவற்றோடு ஒரே கூரையின்கீழ்ப் பிறந்து வளர்ந்த யாமும் அவ்வாறு பார்த்ததில்லை. அவை ஒன்றையொன்று சீண்டியும் ஏய்த்தும் விளையாடும் என்பதை எம் பத்தொன்பதாம் வயதில்தான் கண்டோம். அதனைக் காண ஓர் ஊரடங்கு வேண்டியிருந்தது.

எம் ஊர் கண்ணமங்கலம். வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் பெருஞ்சாலையில் உள்ளது. காட்பாடியிலிருந்து விழுப்புரம் செல்லும் இருப்புப்பாதையில் அதற்கென ஒரு நிலையமும் உண்டு. மேற்றிசையில் சவ்வாது மலை, ஊரையடுத்து நாகநதி. நதியென்பது பெயரளவில், ஆண்டின் பெரும்பகுதியில் அது மணல்வெளியே. ஆரணிப்பட்டு என்று வெளியூரார் விரும்பி வாங்கும் சேலைகளுள் எம் ஊரிலும் ஒண்ணுபுரம் முதலிய அண்டை ஊர்களிலும் நெய்யப்படுவனவும் உண்டு. எம் இல்லத்து முன்கட்டில் ஒரு குழித்தறி, பின்கட்டில் கொட்டில். இவ்விரண்டுமே எம் குடும்பத்தின் இரு கால்கள்.

தறி ஓடும் வீட்டில் வளர்ந்தவர்க்கு ஒன்று தெரியும். மிதியின் ஓசையும் நாடாவின் ஓசையும் காதுக்கு ஒரு சுவர்போல் அமைந்துவிடும். அச்சுவருக்கு அப்பால் ஆடு கத்தினாலும் மாடு கதறினாலும் யாரும் தலை நிமிர்வதில்லை. 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கல்லூரி மூடப்பட்டு யாம் வீடு திரும்பினோம். அத்திங்கள் 25-ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கிற்று. பேருந்து இல்லை, புகைவண்டி இல்லை, சித்திரையிலும் வைகாசியிலும் குறித்த திருமணங்கள் தள்ளிப்போயின. மணம் தள்ளிப்போனால் பட்டுச்சேலையும் தள்ளிப்போகும். தறியிலிருந்த பாவு சித்திரை முடியுமுன் தீர்ந்தது. அடுத்த பாவைத் தர முதலாளியிடம் நூலும் இல்லை, வாங்குவாரும் இல்லை. எம் தந்தையார் தறிக்குழியின்மேல் ஒரு பழம்பாயை விரித்து மூடினார். அன்று பகலில்தான் வீட்டில் அமைதி என்பது எவ்வாறிருக்கும் என்று முதன்முதல் அறிந்தோம். அந்த அமைதியில் பின்கட்டிலிருந்து ஏதோ அமளி கேட்டது. எழுந்து சென்று பார்த்தோம்.

கொட்டிலின் குடிகளை முதலில் அறிமுகம் செய்துவிடுதல் நலம். லட்சுமி என்னும் கலப்பினப் பசு; பங்குனியிற் பிறந்த அதன் கிடாரிக்கன்று, நிறம்பற்றிச் செவலை என்று பெயர்பெற்றது; ஒரு வெள்ளாடு, தைத்திங்களில் அஃது ஈன்ற இரட்டைக்குட்டிகள், ஒன்று கிடாய், மற்றொன்று பெட்டை; ஒரு சேவலும் நான்கு பெட்டைக்கோழிகளும்; மணி என்னும் நாய். இவற்றோடு, யாரும் வளர்க்காமலே குடியுரிமை கொண்டாடிய காகங்கள் சில.

அன்று கேட்ட அமளிக்குக் காரணம் கிடாய்க்குட்டி. உச்சிப்பொழுதில் லட்சுமி மல்லாட்டைக் கொடியைத் தின்று முடித்துப் படுத்து, கண்களைப் பாதி மூடி, அசைபோடத் தொடங்குவாள். அவள் கண் மூடுமளவும் குட்டி காத்திருக்கும். பின்பு சற்றே பின்வாங்கி, ஓடிவந்து, ஒரே தாவலில் அவள் முதுகின்மேல் ஏறி நிற்கும். லட்சுமி எழமாட்டாள். ஈயை ஓட்டுவதுபோல் தோலை மட்டும் சிலிர்ப்பாள். அந்தச் சிலிர்ப்பே குட்டி விரும்பியது. குளம்பின்கீழ் நிலம் அசைவதுபோல் அசைய, நான்கு கால்களும் ஒருங்கே மேலெழக் குதித்துக் கீழிறங்கித் தலையைக் கோணலாக ஆட்டிக்கொண்டு ஓடும். மீண்டும் அவள் கண் மூடவேண்டும், மீண்டும் ஏறவேண்டும். பெட்டைக்குட்டி ஏற முயன்றால் மேலே நிற்கும் கிடாய் நெற்றியால் இடித்துத் தள்ளும். இடிபட்டது மறுபுறம் சுற்றிவந்து, கிடாயின் பின்புறத்தை இடித்து அதனைக் கவிழ்க்கும். ஒருநாள் இவ்வாறு பதினொரு முறை நடந்தது. எண்ணியது யாமே, எமக்கு வேறு வேலை இருந்ததில்லை.

செவலையின் குறும்பு வேறு வகை. மணிக்குப் படுக்கையென ஒரு கோணிச்சாக்கு உண்டு. கொட்டிலின் வாயிலில் அதனை மடித்துப் போட்டிருப்போம். மணி இரவெல்லாம் குரைத்துப் பகலில் உறங்கும் இயல்பினது. செவலை பூனைபோல் அடிவைத்துப் பின்புறமாக வந்து, சாக்கின் ஒரு முனையைப் பல்லாற் கவ்வி, ‘வெடுக்’ கென்று இழுக்கும். நாய் தரையில் உருளும். செவலை சாக்கைக் கவ்வியபடியே வாலை நட்டுவைத்த கம்புபோல் நிமிர்த்தி, கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றி, பூவரச மரத்தடியில் சாக்கைப் போட்டுவிட்டு நின்று திரும்பிப் பார்க்கும். சாக்கினால் அதற்கு யாதொரு பயனுமில்லை. அதனைத் தின்னவும் இல்லை. அதன்மேற் படுக்கவும் இல்லை. நாய் என்ன செய்கிறது என்று பார்ப்பதற்காகவே நின்றது என்று எமக்குத் தோன்றிற்று.

நாய் செய்தது இன்னும் வியப்பு. எம் தெருவில் ஒருவரையும் நம்பாத மணி, கன்றின்மேற் சினங்கொள்ளவில்லை. முன்னங்கால்களைத் தரையோடு படிய நீட்டிப் பின்புறத்தை உயர்த்தி ஒரு வணக்கம் போட்டது. பிறகு ஓடிச்சென்று, கன்றின் கழுத்திலிருந்து தொங்கிய தும்பின் நுனியைக் கவ்வி இழுத்தது. கன்றை மேய்ப்பவன்போல் நாய் முன்னே செல்ல, மேய்க்கப்படுவதுபோல் கன்று நான்கடி பின்சென்று, திடீரென நின்று தலையை உதறும். நாய் மறுபடியும் தரையில் உருளும். எம் பகுதியில் பாட்டியை ஆயா என்று அழைப்பது வழக்கம். தூணிற் சாய்ந்தபடி இதனைக் கண்டிருந்த எம் ஆயா, “இன்னாத்தப் பாக்கற கண்ணு? ஒங்க அப்பன் வயசுலேர்ந்து நான் பாக்கறன்” என்றார். அவருக்குத் தறியோசை ஒருநாளும் சுவராக இருந்ததில்லை போலும்.

காகத்தின் செய்கையைப் பற்றிச் சிறிது ஐயம் உண்டு. மணிக்குச் சோறு வைத்தவுடன் இரு காகங்கள் வரும். ஒன்று பின்னே நின்று வாலை இழுக்க, நாய் திரும்ப, மற்றொன்று சோற்றைக் கவர்ந்து செல்லும். இது களவு, ஆயினும் கூட்டுறவோடு நடக்கும் களவு. சோறில்லாத வேளையிலும், உறங்கும் நாயின் வாலை ஒரு காகம் வந்து இழுத்துவிட்டுத் தென்னை மட்டையில் ஏறி அமர்வதைப் பலமுறை கண்டோம். இதனை எக்கணக்கில் எழுதுவது? சேவலுக்கோ இத்தகைய ஐயத்தின் பயனைக்கூடத் தரமாட்டோம். இரை கண்டால் பெட்டைகளை அழைக்கும் ஒலி ஒன்று சேவலுக்கு உண்டு. எம் சேவல் வெறுந்தரையைக் கொத்தி அவ்வொலியை எழுப்பிப் பெட்டைகளை ஓடிவரச் செய்யும். சேவல்கள் இரையின்றியும் இவ்வாறு அழைத்து ஏமாற்றுகின்றன என்பதைக் கைகர், மார்லர் என்னும் அறிஞர் 1988-இல் ஆராய்ந்து எழுதியுள்ளனர். சேவல் தன் காரியத்திற்காகச் செய்வது வஞ்சம். அதைக் குறும்பு என்று புகழ்தல் தகாது.

குறும்பென்பதுதான் யாது? அந்த வெறும் பகல்களில் இவ்வினா எம்மை விடாது பற்றிற்று. பின்னாளில் கிடைத்தவற்றைப் படித்தும் பார்த்தோம். விலங்கின் விளையாட்டைப் பற்றித் தனிநூல் எழுதியவருள் முன்னவர் ஜெர்மானியர் கார்ல் குரூஸ். அவர் நூல் வெளிவந்தது 1896-இல். இளமை விளையாட்டு முதுமைத் தொழிலுக்குப் பயிற்சி என்பது அவர் கொள்கை. கிடாய்க்குட்டிக்கு அது பொருந்தலாம். பாறைகளில் ஏறி வாழ்ந்த குலத்திற் பிறந்தது அது; அசையும் பாறைக்கு லட்சுமியின் முதுகு நல்ல உவமை. ஆனால் நாயின் சாக்கை இழுக்கும் கன்று எத்தொழிலுக்குப் பயில்கிறது? எந்தப் பசுவும் முதுமையில் கோணிச்சாக்கு இழுத்துப் பிழைத்ததாக யாம் கேட்டதில்லை. குரூஸ் எம் கொட்டிலுக்கு வந்திருந்தால் இன்னும் ஓர் அதிகாரம் எழுதியிருப்பார்.

மணி போட்ட வணக்கத்திற்கு விளக்கம் உண்டு. ‘இனி யான் கடிப்பதும் இழுப்பதும் விளையாட்டே’ என்று அறிவிக்கும் குறி அது. அமெரிக்கரான மார்க் பெக்காஃப் நாய், ஓநாய் முதலியவற்றின் விளையாட்டைப் பல்லாண்டு நோக்கி, கடித்துத் தலையை உதறும் செயலுக்குச் சற்று முன்னும் பின்னும் அவை இவ்வணக்கத்தை மிகுதியாகச் செய்கின்றன என்று 1995-இல் எழுதினார். தவறாகப் பொருள்கொள்ளத் தக்க இடத்தில் நாம் ஒரு குறியிட்டு எழுதுவதைப் போன்றதே இது. கன்றுக்கு அவ்வணக்கம் தெரியாது. ஆயினும் அதன் பொருள் தெரிந்தது. வாலை நிமிர்த்தித் துள்ளும் கன்றின் மொழியும் நாய்க்குத் தெரியாது. அதன் பொருள் தெரிந்தது.

சீண்டுதலைப் பற்றியே தனியே ஆராய்ந்தவர்களும் உளர். ஒராங்குட்டான், சிம்பன்சி, கொரில்லா, பொனோபோ என்னும் நால்வகை வாலில்லாக் குரங்குகளின் படக்காட்சிகளை 75 மணி நேரம் பார்த்து, அவை பிறரைச் சீண்டும் முறைகள் 18 என்று கணக்கிட்டு, 2024-ஆம் ஆண்டில் இசபெல் லாமரும் அவர் கூட்டாளிகளும் வெளியிட்டனர். ஒரு பொருளை நீட்டிப் பின் இழுத்துக்கொள்ளுதல், பிறர் மயிரைப் பிடித்து இழுத்தல், எதிர்பாராமல் குத்திவிட்டு ஓடுதல் முதலியன அவற்றுட் சில. சீண்டியது சீண்டப்பட்டதன் முகத்தைப் பார்க்கும். மறுமொழி வராவிட்டால் மீண்டும் சீண்டும். இதனைப் படித்தபோது பூவரச மரத்தடியில் நின்று திரும்பிப் பார்த்த செவலை எம் கண்முன் வந்தது. குரங்கைப் பற்றிச் சொன்னது கன்றுக்கும் பொருந்தும் என்று சாதிக்க யாம் விலங்குநூற் புலவரல்லோம், வணிகவியல் பயின்றவர். கண்டதைச் சொல்கிறோம்.

குறும்பின் எல்லையை எமக்கு வகுப்பில் முதலிற் காட்டியது ஒரு பழம்பாட்டு. குறுந்தொகையின் 38-ஆம் பாட்டிற் கபிலர், காட்டு மயில் பாறைமேல் இட்ட முட்டையை வெயிலில் விளையாடும் முசுக்குட்டி உருட்டுவதாகப் பாடியுள்ளார். குட்டிக்கு அது விளையாட்டு. முட்டைக்கு அஃது உயிர். அந்தக் குட்டியின்மேற் குற்றமில்லை, உருட்டுவது இன்னதென்று அஃது அறியாது என்று ஆசிரியர் உரை கூறியபோது யாம் தலையசைத்தோம். தன் கைக்கு எட்டிய பொருள் யாருடையது என்று அறியாமல் உருட்டும் வேலையை யாமே செய்யப்போகிறோம் என்று அன்று நினைக்கவில்லை.

வைகாசி கழிந்தது. வீட்டில் வரும்படி பால் ஒன்றே. தேநீர்க்கடைகள் அடைபட்டிருந்தமையால் பாலை முழுவதும் சொசைட்டிக்கே ஊற்றினோம். லட்சுமி நாளொன்றுக்கு ஆறு லிட்டர் அளவு கறப்பாள். மூன்று காம்பு மனிதர்க்கு, ஒரு காம்பு கன்றுக்கு என்பது ஆயா வகுத்த சட்டம். முதலிற் கன்றை ஊட்டவிட்டு, பால் இறங்கியதும் பிரித்துக் கட்டி, மூன்று காம்பைக் கறந்து, நான்காவதை விட்டுக் கன்றை அவிழ்த்துவிடுவர். ஆயாவுக்கு முழங்கால் நோவு வந்தபின் கறக்கும் பொறுப்பு எம் தாயாரிடம் வந்திருந்தது.

ஆனித்திங்களில், வகுப்புகள் இனி இணையவழியே நடைபெறும் என்ற செய்தி வந்தது. வீட்டில் இருந்தது பொத்தானை அழுத்திப் பேசும் சிறு கைப்பேசி. வகுப்புக்கு வேண்டியது வேறு. தவணையில் வாங்கலாம் என்றார் ஒரு நண்பர். தவணைக்குப் பணம்? யாம் ஒரு குறிப்பேட்டை எடுத்துக் கணக்கிட்டோம். நான்காவது காம்பின் பால் நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர். பசும்பாலுக்கு 2019 ஆகஸ்டு முதல் அரசு நிர்ணயித்திருந்த கொள்முதல் விலை லிட்டருக்கு 32 ரூபாய். நாளுக்கு 48 ரூபாய். திங்களுக்கு 1,440 ரூபாய். பாலின் தரத்திற்கேற்ப விலை குறையும் என்பது எமக்குத் தெரியும். ஆயினும் கணக்கு அழகாக அமையவேண்டுமென்று முழுவிலையையே வைத்துக்கொண்டோம். கன்றுதான் புல்லைக் கடிக்கத் தொடங்கிவிட்டதே என்று தாயாரிடம் சொன்னோம். தாயார் சிறிதுநேரம் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் விடியலில் நான்கு காம்பும் கறந்தார். ஆயாவிடம் யாரும் சொல்லவில்லை.

கணக்கில் யாம் எழுத மறந்த ஒன்று உண்டு. பிறந்த கன்றின் இரைப்பை மாட்டின் இரைப்பையன்று. வைக்கோலையும் புல்லையும் செரிக்கும் பெருவயிறு அதற்கு மெல்ல மெல்லவே வளரும். அதுவரை பாலே உணவு; உடலெடையிற் பத்தில் ஒரு பங்கு பால் நாள்தோறும் வேண்டுமென்பது கன்று வளர்ப்போர் கைக்கொள்ளும் பொதுவிதி. செவலை புல்லைக் கடித்தது உண்மை. சாக்கையும் கடித்தது.

பத்து நாட்கள் சென்றன. மணியின் சாக்கு, போட்ட இடத்திலேயே கிடந்தது. அதனை யாம் பார்த்தோம், பார்த்து மகிழ்ந்தோம். நாள்தோறும் பூவரச மரத்தடிக்குச் சென்று சாக்கை எடுத்துவரும் வேலை எமக்கே என்பதால், “செவலை இப்போது அடக்கம் கற்றுக்கொண்டது” என்று தாயாரிடம் நற்சான்றும் வழங்கினோம். கிடாய்க்குட்டி வழக்கம்போல் லட்சுமியின்மேல் ஏறிக்கொண்டிருந்தது. ஒருநாள் அது செவலையின்மேலும் ஏறிற்று. செவலை சிலிர்க்கவுமில்லை. குட்டி சற்றுநேரம் நின்று பார்த்துவிட்டு, குதிக்காமல், மெல்ல இறங்கிற்று.

அன்று மாலை மணி, படுத்திருந்த கன்றின்முன் வந்து முன்னங்கால்களை நீட்டி வணங்கிற்று. கன்று எழவில்லை. தும்பின் நுனியைக் கவ்வி இழுத்துப் பார்த்தது. கழுத்து மட்டும் சிறிது நீண்டது. மணி தும்பை விட்டுவிட்டு, தன் சாக்கிற்குப் போகாமல் அங்கேயே கன்றின் பக்கத்தில் வெறுந்தரையிற் படுத்தது. ஆயா தூணைப் பற்றிக்கொண்டு எழுந்தார். பல நாட்களாக எழாதவர், கொட்டில்வரை தாமே நடந்து சென்று, கன்றின் காதைத் தொட்டுப் பார்த்தார், விலாவைத் தடவினார், கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டு அது படியும் வேகத்தைப் பார்த்தார். பின்பு எம் தாயாரை நோக்கி, “எத்தினி காம்பு கறக்கற?” என்றார்.

தாயார் எம்மைப் பார்த்தார். யாம் குறிப்பேட்டை எடுத்து வந்து நீட்டினோம். ஏன் அவ்வாறு செய்தோம் என்பது இன்றும் விளங்கவில்லை. ஆயாவுக்கு எழுத்து வாராது. அதனை வாங்கவும் இல்லை. “வயிறு காஞ்சா மொதல்ல வெளையாட்டுதான் போவும் கண்ணு. கத்தறதெல்லாம் அப்பறம்” என்று சொல்லித் திரும்பினார்.

அவர் சொன்னதை அளந்து பார்த்தவர்கள் இருக்கின்றனர் என்பதைச் சில ஆண்டுகளுக்குப் பின் அறிந்தோம். கனடா நாட்டில் க்ராசுன், ரஷன், டி பாசியே என்போர் கறவையினக் கன்றுகளைக்கொண்டு செய்த ஆராய்ச்சி 2010-இல் வெளிவந்தது. பால் குறைத்தூட்டப்பட்ட கன்றுகளிடத்து ஓடியாடும் விளையாட்டுக் குறைந்தது என்பதும், பால்மறக்கச் செய்தபோதும் அது குறைந்தது என்பதும் அதன் முடிபு. 2013-இல் வெளிவந்த வேறோர் ஆராய்ச்சி, கொம்புமுளை சுடப்பட்ட கன்றுகள் அடுத்த சில மணி நேரம் விளையாட்டைக் குறைத்துக்கொண்டதைக் காட்டிற்று. பண்ணையில் வளரும் உயிர் நலமாக உள்ளதா என்பதற்கு அதன் விளையாட்டை ஓர் அடையாளமாகக் கொள்ளலாமா என்று இவர்கள் ஆராய்கின்றனர். எம் ஆயா ஆராயவில்லை. அவர் தம் வாழ்நாளில் இருபது கன்றுகளுக்குமேல் வளர்த்தவர். அவற்றுள் எத்தனை சாக்கு இழுத்தன என்று கேட்டிருந்தால் விரல்விட்டுச் சொல்லியிருப்பார்.

மறுநாள் விடியலில் ஆயாவே மணைமேல் அமர்ந்தார். மூன்று காம்பைக் கறந்து எழுந்தார். நண்பகலில் தந்தையார் எம்மை அழைத்து, வகுப்பு என்று தொடங்குகிறது என்று கேட்டார். சொன்னோம். “கைப்பேசிக்கு வேறு வழி பார்க்கலாம்” என்று மட்டும் கூறினார். அந்த வேறு வழி இன்னது என்று எமக்கு இரண்டு நாளில் விளங்கிற்று.

அவ்வாண்டு பக்ரீத் ஆகஸ்டு 1-ஆம் நாள். சந்தைகள் கூடாமையால் ஆடு வாங்குவோர் வீடு தேடி வந்தனர். கிடாய்க்கு அப்போது ஆறு திங்கள் முடிந்திருந்தது. கிடாய் வளர்ப்பதே விற்பதற்கு. அதில் வியப்பொன்றுமில்லை என்பதைக் கொட்டில் வைத்திருப்போர் யாவரும் அறிவர். வந்தவர் நல்ல மனிதர். விலைபேசுவதில் தந்தையாரை வருத்தவில்லை. அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, குட்டி வாசலுக்குச் சென்று அவருடைய இருசக்கர வண்டியின் இருக்கைமேல் ஏறி நின்றது. வந்தவர் வாய்விட்டுச் சிரித்து, “இவனே வண்டி ஓட்டுவான் போலிருக்கிறதே!” என்றார். யாமும் சிரித்தோம். அவர் பணத்தை எண்ணிக் கொடுத்தார். ஒரு கைப்பேசியின் விலைக்குச் சற்றே குறைந்த தொகை. குறைந்ததைத் தாயார் எங்கிருந்தோ எடுத்துக் கொடுத்தார்.

அதன்பின் உச்சிப்பொழுதில் லட்சுமி கண்மூடி அசைபோட்டாள். பெட்டைக்குட்டி ஒருநாள் அவள் முதுகில் ஏறிற்று. தன்னைக் கீழே தள்ள யாருமில்லாமையால், என்ன செய்வதென்று அறியாததுபோல் நெடுநேரம் மேலேயே நின்றது. எம் தாயார் அதனைத் தூக்கி இறக்கிவிட்டார்.

ஆடித்திங்களின் பிற்பகுதியில் வகுப்பு தொடங்கிற்று. வீட்டினுள் அலைவரிசை கிட்டாது. கொட்டிலின் ஓரமாய்க் கிடந்த கல்லின்மேல் அமர்ந்தால் ஒருவாறு கேட்கும். அங்கேதான் நிதிக்கணக்கியலும் வணிகச் சட்டமும் பயின்றோம். எம் பின்னே கோழி கூவுவதைக் கேட்டு உடன்பயில்வோர் நகைப்பர். ஆசிரியர் மிகவும் பொறுமையுடையவர். ஒருநாட் காலை, முதலில் வருகைப்பதிவு நடந்துகொண்டிருந்தது. அகரவரிசையில் எம் பெயர் நடுவில் வரும். பெயர்கள் ஒவ்வொன்றாய் அழைக்கப்பட, ஒவ்வொருவராய் ‘உள்ளேன் ஐயா’ என்று விடை கூறி வந்தனர். அவ்வேளையில் கொட்டில் வாயிலில் ‘வெடுக்’ கென்று ஓர் ஓசை. அதனைத் தொடர்ந்து நாய் உருளும் ஓசை. திரும்பிப் பார்த்தோம். செவலை வாலை நிமிர்த்திக்கொண்டு, சாக்கைக் கவ்வியபடி, கொல்லையின் கிழக்கு மூலையைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. கால்கள் இன்னும் மெலிந்தே இருந்தன. ஓட்டத்தில் முன்னைய வேகமில்லை. மணி எழுந்து, உடலை உதறி, முன்னங்கால்களை நீட்டிற்று.

யாம் கைப்பேசியைக் கல்லின்மேல் வைத்துவிட்டு, “ஆயா! ஆயா!” என்று கூவிக்கொண்டு உள்ளே ஓடினோம். ஆயா தூணைப் பற்றி எழுந்து வந்து பார்ப்பதற்குள் சாக்கு பூவரச மரத்தடிக்குப் போய்விட்டது. திரும்பி வந்து கைப்பேசியை எடுத்தபோது வருகைப்பதிவு முடிந்து பாடம் நடந்துகொண்டிருந்தது. எம் பெயர் இருமுறை அழைக்கப்பட்டதாகவும், விடை வாராமையால் அன்று வராதவர் என்று குறிக்கப்பட்டதாகவும் நண்பர் பின்னர்த் தெரிவித்தார்.